எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் கடைசி வரி

லா சப்பல், பரிஸ்
14 ஜனவரி 2024

மதிப்புக்குரிய இசபெல் அக்காவுக்கு,

பேர்ளியின் கணவன் யோன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷமாக உங்கள் கடிதங்களைக் கீழே தபால் பெட்டியில் இருந்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தவன் நான்தான். எனக்கென்று ஒரு வரியும் அவற்றில் இருந்ததில்லை. மிஷன் சபைக் குடும்பத்தில் கலியாணம் முடித்த மன்னார்க் கத்தோலிக்கனுக்கு அது போதும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் கேட்டதில்லை.

நவம்பரில் பேர்ளிக்கு மூளையில் இரத்தம் அடைத்துவிட்டது. உங்களுக்கு உடனே அறிவிக்காதது என் பிழை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில்லை, வாசிப்பில்லை. இந்த மாதம் மூன்றாம் திகதி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு, நாலாம் மாடிக்குக் கதிரையில் வைத்துத் தூக்கிவந்தோம். "தண்ணி வேணுமோ?" என்று கேட்டால் என் சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள்.

போன ஞாயிறு அவளுடைய பெட்டிக்குள் உடுப்புத் தேடினேன். உங்கள் பூட்டனார் வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாய் எழுதிவைத்த கொப்பி கிடந்தது. சமைக்கும்போது அவள் அதைத் தனியே பாடுவாள், நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவேன். அன்றைக்கு ஏனோ ஒரு வரியைச் சத்தமாக வாசித்தேன். அக்கா, அவள் அதே வரியைப் பாடினாள். இராகம் பிசகாமல், ஒவ்வொரு சொல்லாகப் பாடினாள். நான் கொப்பியைக் கீழே போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் காதுக்கு ரெலிபோன் சரிவராது என்றபடியால்தான் கடிதம். உங்கள் சுகத்தையும் எழுதுங்கள்.

யோன்

---

உடுவில்
29 ஜனவரி 2024

தம்பி யோனுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உம்மோடும் என் தங்கச்சியோடும் இருப்பதாக. நான் சுகம். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆகவே தாளில் ஈரம் தேடாதேயும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதேயும். கேட்கவேண்டிய நாளில் கேட்பேன். இப்போது வேலையைப் பார்ப்போம்.

இங்கிலாந்துக் கோயில்களில் புத்தகம் கிடைப்பது அருமையாக இருந்த காலத்தில் ஒருவர் எழுந்து ஒரு வரியைச் சொல்வார். சனம் அதைப் பாடும். பிறகு அடுத்த வரி. அந்தப் பழக்கம் கப்பலேறி அமெரிக்கா போய், அங்கேயிருந்து மிஷனரிமாரோடு எங்கள் பக்கம் வந்தது. எங்கள் பூட்டனார் மிஷன் பள்ளியில் அதைப் படித்துவிட்டு, நூற்றைம்பது சங்கீதத்தையும் ஒரே இராகத்தில் அடங்கத் தமிழில் எழுதிவைத்தார். மிஷனரிமார் முறையில், புள்ளி எழுத்தை விட்டு எண்ணுகிற எட்டு அசை, ஆறு அசை, எட்டு, ஆறு. கோயில்கள் கைவிட்ட பிறகும் எங்கள் வீடு விடவில்லை. பிடிவாதத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை, அது உமக்குத் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நாளுக்கு ஒரு சங்கீதம், ஒன்றில் இருந்து வரிசையாக. பாய்ந்து போகக்கூடாது. ஒருவர் வரியைச் சொல்லவேணும், மற்றவர் பாடவேணும். தனியாளுக்கு இது சரிவராது. அவள் உம்முடைய குசினியில் இத்தனை வருஷம் தானே சொல்லித் தானே பாடியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அதை வாசித்தபோதுதான் எனக்கு உம்மில் கோபம் வந்தது.

இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கே முதலாம் சங்கீதத்தைத் தொடங்கும். நீர் பாடவேண்டாம். வரியைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் காத்திரும்.

இசபெல்

---

லா சப்பல்
18 பெப்ரவரி 2024

அன்புள்ள இசபெல் அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு என் முறைப்படி மாதாவிடமும் உங்கள் முறைப்படி நேரே கர்த்தரிடமும் மன்றாடுகிறேன்.

பத்தாம் திகதி தொடங்கினோம். இன்றைக்கு ஒன்பதாம் சங்கீதம். எல்லா வரிகளையும் பாடுகிறாள். காலையில் மரக்கறிக் கடையில் நிற்கும்போதே எனக்கு ஆறு மணி எப்போது வரும் என்றிருக்கிறது. முதலாளி அலெக்சிஸ், "என்ன அண்ணை, கலியாண மாப்பிள்ளை மாதிரி மணிக்கூட்டைப் பாக்கிறியள்?" என்று கேட்டார். அரை நாள் வேலைக்கு அவர் ஓம் என்றவர், ஆகவே நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் யன்னலுக்கு நேரே மெத்ரோ ரெயின் மேம்பாலத்தில் ஓடும். ரெயின் வந்தால் நான் சொல்வது கேளாது, அது போகுமட்டும் நிற்பேன். அவள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கலியாணம் முடித்த காலத்தில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கிழமைக்கு இரண்டு தரம் ஆனைஸ் என்ற பிள்ளை வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்னால் பாடிக் காட்டினோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யூன் மாதத்தில் ஒரு சோதனை இருக்கிறதாம். அதற்குள் பேர்ளி தானாக ஒரு சொல் சொன்னால் போதும், ஒரே ஒரு சொல், பயிற்சியை நீட்டுவார்கள். இல்லாவிட்டால் இதற்குமேல் ஏறாது என்று எழுதி நிறுத்திவிடுவார்கள்.

ஒரு சொல்தானே, அக்கா. ஒரு சங்கீதம் முழுக்கப் பாடுகிறவளுக்கு அது பெரிய காரியமா?

யோன்

---

உடுவில்
6 மார்ச் 2024

என் அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம். உம்முடைய கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எழுபத்தாறு வயதில் இதென்ன விளையாட்டு என்று பக்கத்துவீட்டுச் சுஜானி சிரிக்கிறாள். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, சாப்பாடு மட்டும் கொஞ்சம் இறங்குதில்லை.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன். எங்கள் அப்பா எந்தச் சங்கீதத்திலும் கடைசி வரியைச் சொல்லமாட்டார். மற்றதெல்லாம் சொல்லுவார், கடைசி வரிக்கு வந்ததும் கொப்பியை மூடிவிடுவார். நாங்களாகப் பாடவேணும். யார் மனதோடு இருந்தது, யார் கிளிப்பிள்ளையாய் இருந்தது என்று அப்போது தெரிந்துவிடும். தெரியாமல் முழிக்கிறவர்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவவேணும். அதிகம் கழுவினது நான். பேர்ளி ஒரு நாளும் கழுவியதில்லை.

ஆகவே நீரும் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டுப் பாரும். அவள் பாடுவாள். உம்முடைய ஆனைஸ் கேட்கிற தானான சொல் அதுதான். பாடின அன்றைக்கே எனக்கு எழுதும்.

இசபெல் அக்கா

---

லா சப்பல்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்குச் சாப்பாடு இறங்காததற்கு வைத்தியரிடம் காட்டினீர்களோ?

இங்கே குளிர் குறைந்துவிட்டது. இன்று குருத்தோலை ஞாயிறு. மேல்வீட்டு மரியகொறற்றி எங்கள் பூசைக்குப் போய் ஒரு ஓலை கொண்டுவந்து தந்தாள். பேர்ளியின் கட்டில் தலைமாட்டில் செருகினேன். உங்கள் ஆக்கள் கோபிப்பார்களோ தெரியாது. அவள் இப்போது தோசை சாப்பிடுகிறாள். இடது கையால் தானே கரண்டி பிடிக்கிறாள். தலைமயிர் வெட்டிவிட்டேன், கொஞ்சம் கோணல். கடையில் முருங்கைக்காய் வந்து இறங்கிய அன்றைக்கு ஊரே கூடிவிட்டது.

நாற்பத்துநாலாம் சங்கீதம் இன்று. ஒரு நாளும் விடவில்லை.

யோன்

---

உடுவில்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்தெழுந்தவருடைய சமாதானம். நான் சொல்லச் சொல்லச் சுஜானி எழுதுகிறாள். கையில் கொஞ்சம் நடுக்கம், வேறொன்றுமில்லை.

தோசை, தலைமயிர், முருங்கைக்காய் எல்லாம் எழுதினீர். கடைசி வரி பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் கேள்வி கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான், தம்பி. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை கையெழுத்தை வடிவாக எழுதும்.

அவள் பாடவில்லை. சரி. நாற்பத்துநாலுக்குள் பாடாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மற்றவை மறந்துபோயிருக்கலாம். எண்பத்தெட்டாம் சங்கீதம் வரட்டும், அதன் கடைசி வரியை அவள் மறக்கமாட்டாள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். கணக்குப் பார்த்தேன், மே ஏழாம் திகதி. அன்றைக்குக் கொப்பியை மூடிவிட்டு, எவ்வளவு நேரமானாலும் பொறுத்திரும்.

அதுவரைக்கும் நானும் பொறுத்திருப்பேன்.

இசபெல் அக்கா

யோன் அண்ணை, இந்தக் கீழ்வரி ரீச்சருக்குத் தெரியாது. அவவுக்கு வயிற்றில் கட்டி. ஒப்பரேசன் செய்ய உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப்போட்டினம். பேர்ளி அக்கா கடைசி வரி பாடிப்போட்டா என்ற செய்திக்காகத்தான் உயிரைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா. எப்படியாவது நல்ல செய்தி எழுதுங்கோ. சுஜானி.

---

லா சப்பல்
9 மே 2024

அன்பான இசபெல் அக்காவுக்கு,

சந்தோஷமான சங்கதி. உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

மே ஏழாம் திகதி மாலை ஆறு மணிக்கு எண்பத்தெட்டைத் தொடங்கினேன். அக்கா, அந்தச் சங்கீதம் எவ்வளவு இருட்டு! மற்றவையெல்லாம் அழுது புலம்பினாலும் முடிவில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இது துடைக்கவே இல்லை. கடைசி நாலு வரியில்,

நேசரைத் தூரமாக்கினீர்,
தோழரை நீக்கினீர்;
என்னோ டிருந்த யாவரும்

என்று சொல்லிவிட்டு, நீங்கள் சொன்னபடி கொப்பியை மூடினேன். ஒரு ரெயின் போனது. இன்னொன்றும் போனது. அதற்குப் பிறகு அவளாகவே வாய் திறந்து, கொப்பியில் இருக்கிறபடியே, "இருளாய் ஆயினர்" என்று பாடி முடித்தாள். சத்தம் சின்னது, ஆனாலும் தெளிவு. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இனி நீங்கள் நிம்மதியாக இருங்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அவள் திரும்பி வருகிறாள்.

உங்கள் தம்பி யோன்

---

உடுவில்
27 மே 2024

என் அன்புள்ள தம்பி யோனுக்கு,

சமாதானம். சுஜானியின் கையெழுத்துத்தான், சொல்லுகிறது நான். ஒரே மூச்சில் சொல்ல ஏலாது, மூன்று நாளாகச் சொல்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டீர். பாவம், உமக்கு எங்கள் வீடு தெரியாது. எண்பத்தெட்டுக்குக் கொப்பியில் இருக்கிற கடைசி வரியைப் பேர்ளியின் சின்ன வயதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் பாடியதில்லை.

அப்போது பேர்ளிக்கு நாலு வயது. எண்பத்தெட்டு வந்த இரவெல்லாம், இருளாய்ப் போனார்கள் என்றால் எங்கே போனார்கள் என்று கேட்டு நித்திரை கொள்ளமாட்டாள். ஒருநாள் அப்பா வழக்கம்போலக் கொப்பியை மூடினார். நாங்கள் வாயைத் திறக்கமுன்னம் அம்மா அந்த ஆறு அசையிலேயே, "விடியும், தூங்குங்கோ" என்று பாடிவிட்டா. அப்பா வேதத்தை மாற்றுகிறவர் அல்ல. ஆனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. எண்பத்தெட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் கடைசி வரி. எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை. அது என் தலைக்குள்ளும் அவள் தலைக்குள்ளும் மட்டும்தான் இருக்கிறது.

அவளாகப் பாடியிருந்தால் "இருளாய்" என்று பாடியிருக்கமாட்டாள், தம்பி.

நீர் ஏன் பொய் எழுதினீர் என்று தெரியும். சுஜானி கீழ்வரி எழுதினதும் தெரியும். எனக்குக் காதுதான் கேளாது, கண் தெரியும். இந்த இடத்தில் பிள்ளை எழுதாமல் அழுகிறாள். எழுது என்று சொன்னேன்.

அந்த வரியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதேயும். நீர் சொன்னால் பாடுவாள், பிறகு அது அவளுக்குள் இருந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவராது. அடுத்த எண்பத்தெட்டு ஒக்ரோபர் நாலாம் திகதி. பொறும். நான் இருக்கமாட்டேன், ஆனால் அவளிடம் அது இருக்கும் என்று நம்பிக்கொண்டு போகப் பார்க்கிறேன்.

முப்பத்தொரு வருஷத்துக்கும் மன்னியும். அந்த நாள் வந்துவிட்டது.

உம்முடைய அக்கா இசபெல்

---

உடுவில்
8 யூன் 2024

யோன் அண்ணைக்கு,

ரீச்சர் புதன்கிழமை விடியப்புறம் காலமானா. வலி குறைந்துதான் போனா. நேற்று அடக்கம் செய்தோம். உங்களுக்கு அறிவிக்க ரீச்சரின் கொப்பியில் நம்பர் தேடினேன். பேர்ளி அக்காவின் பழைய நம்பர்தான் இருந்தது, அது வேலை செய்யவில்லை.

கடைசி இரண்டு நாளும், "தம்பியின்ரை கடிதம் வந்திட்டுதோ?" என்று கேட்டபடி. இல்லை என்று தலையாட்டுவேன். "பரவாயில்லை, அவர் ஆறுதலாத்தான் எழுதுவார்" என்பா.

நான் கீழ்வரி எழுதியிருக்கக்கூடாது. என்னை மன்னியுங்கள்.

சுஜானி

---

லா சப்பல்
10 யூன் 2024

என் அன்பான இசபெல் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுமுன்தினம் கிடைத்தது. நீங்கள் இதைக் கண்ணால் வாசிக்கிற நிலையில் இருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இந்த முறை உண்மை.

மார்ச் இரண்டாம் திகதியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வரி சொல்லி முடிக்கமுன்னம் ரெயின் வந்தது. நான், "கொஞ்சம் பொறும், ரெயின் போகட்டும்" என்றேன். பேர்ளி அதைப் பாடினாள், அக்கா. சங்கீதத்தின் இராகத்தில், அதே பக்தியோடு, "கொஞ்சம் பொறும், ரெயின் போகட்டும்" என்று பாடிவிட்டு அடுத்த வரிக்காக என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது, கடைசி வரியை விட்டுப் பார்க்கச் சொல்லி. ஒவ்வொரு நாளும் விட்டேன். ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். மே ஏழாம் திகதி ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம், வாயோரம் எச்சில் வடிந்தது, துடைத்துவிட்டேன். அவள் ஒன்றும் பாடவில்லை.

இன்று காலை சோதனை முடிந்தது. "மிசியூ யோன், அவ திருப்பிச் சொல்லுறா, கதைக்கேல்லை" என்று ஆனைஸ் மெதுவாகச் சொன்னாள். பிரெஞ்சில் சொல்லும்போது அது இன்னும் மரியாதையாக இருந்தது. பயிற்சி இந்த மாதத்தோடு நிற்கிறது.

உங்கள் வீட்டு வரியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தனியே இருக்கும்போதுகூட வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. ஒக்ரோபர் நாலு வரைக்கும் வைத்திருப்பேன். நீங்களும் இருங்கள். மன்னிக்க ஒன்றுமில்லை, ரீவியின் சத்தத்தைக் கூட்டியவன் நான்.

உங்கள் தம்பி யோன்

---

லா சப்பல்
26 யூன் 2024

அன்புள்ள தங்கச்சி சுஜானிக்கு,

நீரும் வீட்டாரும் சுகமாக இருக்கவேண்டும். உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. அக்காவுக்கு நான் எழுதின கடிதமும் இதற்குள் வந்திருக்கும். உடைக்கவேண்டாம், கல்லறைக்குப் போகிற அன்றைக்கு அங்கேயே கிழித்துப்போடும். நீர் கீழ்வரி எழுதினது பிழையில்லை. அதை வைத்துப் பொய் எழுதினது நான். கடைசியில் உண்மை எழுதியபோது அது பிந்திப்போனது.

பேர்ளிக்குச் சொல்லவேணும் அல்லவா? கூடப் பிறந்தவள். நேற்று மாலை கதிரையை அவளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கையைப் பிடித்துச் சொன்னேன். பொத்தானைப் பார்த்தாள். மற்ற எந்த விதத்திலும் அவளுக்குள் ஒன்றும் போகாது என்று எனக்குத் தெரியும். ஆகவே கொப்பியை மடியில் விரித்தேன், வாசிக்கிறவன் மாதிரி.

"இசபெல் அக்கா போய்விட்டா" என்றேன்.

பாடினாள். எட்டு அசையும் சரியாக விழுந்தன. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"மண்ணுக்குள் வைத்தனர்" என்றேன். அதையும் பாடினாள், சுஜானி. இத்தனை மாதத்தில் அவ்வளவு வடிவாகப் பாடியதில்லை. மேலே மரியகொறற்றி யன்னலைத் திறந்து, "அண்ணை, இண்டைக்கு அக்கான்ரை குரல் நல்லாயிருக்கு" என்றாள்.

அக்காவிடம் ஒரு வரி இருந்தது, உமக்குத் தெரியும், நீர்தான் எழுதினீர். ஒக்ரோபர் நாலாம் திகதி வரைக்கும் அதைப் பேர்ளிக்குச் சொல்லக்கூடாது என்றா. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது எனக்கு அதைச் சொல்லவேணும் போல இருந்தது. வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"விடியும், தூங்குங்கோ" என்று சொன்னேன்.

அவள் பாடினாள். ஆறு மணி வெயில் இன்னும் சுவரில் கிடந்தது. பாடி முடித்துவிட்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, அடுத்த வரிக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்முடைய சுகத்துக்கு எழுதும். கல்லறையில் என் பேரால் ஒரு மெழுகுதிரி கொளுத்தும். உங்கள் ஆக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனால் அக்கா இனிக் கோபிக்கமாட்டா.

யோன்